சொல் தமிழ், சேர்க்கை யாருடையது?

ஆண்டுதோறும் சூன் 12ஆம் நாள் குறுவைக்கு மேட்டூர் அணையைத் திறப்பது மரபு. நீர் போதிய அளவு நிற்கும் ஆண்டுகளில் அந்நாளில் கதவு திறக்கும். நில்லாத ஆண்டுகளில் நாள் தள்ளிப்போகும். திறந்த நீர் முக்கொம்பு கடந்து, கல்லணையில் காவிரியாகவும் வெண்ணாறாகவும் புதாறாகவும் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாகப் பங்கிட்டுக் கொண்டு கடைமடைக்குப் போய்ச் சேர வேண்டும். பேராவூரணிப் பக்கத்து உழவரும் தலைஞாயிற்றுப் பக்கத்து உழவரும் அது வரும் வழியைப் பார்த்துக்கொண்டே நிற்பர். தலைமடையில் நாற்று விட்டுப் பறித்து நட்டும் முடித்திருப்பர். கடைமடையில் மண் வெடித்துக் கிடக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து முறையீடு ஒன்று எழுதிக் கொடுப்பர். அதற்கு மறுமொழி வரும்: ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.’

இத்தொடரைத் தனித்தமிழ் அன்பர் ஒருவர் கையில் கொடுத்து, இதில் அயற்சொல் உண்டா என்று கேட்டால், இல்லை என்றே கூறுவார். வடசொல் இல்லை, ஆங்கிலச் சொல் இல்லை. மூன்று சொல்லும் தமிழ்ச் சொல். ஆயினும் இது தமிழ்த் தொடரா? நடவடிக்கையைத் தமிழன் என்றைக்கு எடுத்தான்? எடுப்பவர் யார்? எங்கிருந்து எடுப்பார்? எப்போது எடுப்பார்? இவற்றுள் ஒரு வினாவுக்கும் தொடரில் விடையில்லை. ஆங்கில அலுவலகத்தில் பிறந்த ஒரு சொல்லிணை, வேட்டி கட்டிக்கொண்டு வந்து நிற்கிறது, அவ்வளவே.

தமிழுக்கு இன்று நேர்ந்துள்ள கேடு இவ்விடத்தில்தான் இருக்கிறது. ஒற்றைச் சொல்லாக வரும் அயன்மொழி வயலில் முளைத்த கோரை போன்றது. பார்த்தவுடன் தெரியும், பிடுங்கிவிடலாம். சொற்சேர்க்கையாக வரும் அயன்மொழியோ நெற்பயிரோடு நெற்பயிராய் நிற்கும் புல்லைப் போன்றது. தாளும் ஓலையும் நெல் போலவே இருக்கும். கதிர் விட்ட பிறகே அதன் குட்டு வெளிப்படும். அதற்குள் பயிருக்கு இட்ட உரத்தில் பாதியை அது தின்று தீர்த்திருக்கும்.

ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் தமக்குள் உறவு வைத்துக்கொண்டுதான் வாழ்கின்றன. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதை அம்மொழி பேசும் மக்கள் பல நூற்றாண்டுப் பழக்கத்தால் வரையறுத்து வைத்துள்ளனர். ஆங்கிலத்தில் மழை ‘கனமானது’, காற்று ‘வலியது’. காற்றைக் கனமானது என்றோ மழையை வலியது என்றோ ஆங்கிலன் சொல்லான். பிழையை அவன் ‘ஆக்குவான்’. வீட்டுப் பாடத்தைச் ‘செய்வான்’. இரண்டையும் மாற்றிச் சொன்னால் நகைப்பான். குளியலை ‘எடுப்பான்’, கருத்தைச் ‘செலுத்துவான்’, கடனைச் செலுத்துவதுபோல. ஏன் அப்படி என்று கேட்டால், அவனிடமும் விடையில்லை. அஃது அவன் மொழியின் வழக்கு. அவ்வழக்கைக் கற்பிக்கவே தனி அகரமுதலிகள் எழுதி அச்சிட்டு ஞாலமெங்கும் விற்கிறான். ஆங்கிலத் தேர்வில் தமிழ்ப் பிள்ளை இச்சேர்க்கையில் ஓரிடத்தில் தவறினாலும் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கிறார். அவர் செய்வதில் குற்றமில்லை. ஆங்கிலத்தை ஆங்கிலமாகத்தான் எழுத வேண்டும்.

அதே பிள்ளை தமிழ்த் தேர்வில் ‘குளியல் எடுத்தான்’ என்று எழுதினால் சுழிப்பவர் எத்தனை பேர்? அங்கேயன்றோ இருக்கிறது அடிமைத்தனம்!

தமிழுக்கு இத்துறையில் இலக்கணம் இல்லை என்று எவரும் எண்ண வேண்டா. எந்தப் பெயர் எந்த வினையோடு சேரும் என்பதைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே வகுத்துவிட்டது. பலவகை வினைக்குரிய பொருள்களை ஒரு பொதுச்சொல்லால் கூறும்போது, அவற்றுள் ஒன்றற்கே உரிய வினையைக் கூட்டலாகாது என்பது அங்குள்ள முறை. உண்பனவும் தின்பனவும் பருகுவனவும் அடங்கிய அடிசிலை ‘அயின்றார்’ என வேண்டும், ‘தின்றார்’ எனலாகாது. வாளும் வேலும் அம்பும் அடங்கிய படையை ‘வழங்கினார்’ என வேண்டும், ‘எய்தார்’ எனலாகாது. உரையாசிரியர்கள் இவற்றை விரித்துக் காட்டியுள்ளனர். மரபு பிறழ்ந்தால் பொருளே பிறிதாகிவிடும் என்னும் உணர்ச்சி அந்நூலின் மரபியல் முழுதும் ஓடுகிறது. பள்ளிப் பாடநூலிலும் ‘வினைமரபு’ என்னும் பகுதி உண்டு. கூடை முடை, சுவர் எழுப்பு, அம்பு எய், மலர் கொய், தயிர் கடை, விளக்கு ஏற்று என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் அது மறந்துபோகிறது. மதிப்பெண்ணுக்காகப் படித்த மரபு வாழ்க்கைக்கு வராமலே நின்றுவிடுகிறது.

வாழ்க்கைக்கு வந்த மரபைக் காண வேண்டுமானால் காவிரிப் படுகையின் வயலுக்குத்தான் போக வேண்டும். ஒரு நெல்மணி விதையாகிச் சோறாகும் வரை அங்கு எத்தனை வினைகள்! விதையை ஊறவைத்து முளை கட்டுவர். நாற்று விடுவர், பின்பு நாற்றுப் பறித்து முடி கட்டுவர். வரப்புக்கு அண்டை வெட்டுவர்; சேற்றில் பரம்படிப்பர். நடவு நடுவர். நட்ட பயிர் பச்சை பிடிக்கும், தூர் கட்டும், பொதி கட்டும், கதிர் விடும், பால் பிடிக்கும், மணி முற்றும், தலை சாயும். அப்பால் அறுப்பு அறுத்து, அரி போட்டு, கட்டுக் கட்டி, களம் சேர்ப்பர். தாளடித்துத் தூற்றிப் பதர் நீக்கிப் பட்டறை கட்டுவர். வீட்டுக்கு வந்தால் நெல் அவிப்பர், அரிசி குத்துவர், புடைப்பர், கொழிப்பர், களைவர், உலையில் இடுவர், சோறு வடிப்பர்.

இவற்றுள் ஒன்றையேனும் இடம் மாற்ற முடியுமா? நாற்றை ‘விடுவது’ வேறு, ‘நடுவது’ வேறு. கதிரைக் ‘கொய்வது’ தினைப்புனத்தில், ‘அறுப்பது’ நெல்வயலில். அரிசியைக் ‘களைவது’ என்றால் கழுவுவது. வயலில் ‘களைவது’ என்றால் பிடுங்குவது. மாட்டுக்குத் தண்ணீர் ‘காட்டு’ என்கிறாள் உழவன் மனைவி. காட்டினால் மட்டும் மாட்டின் வேட்கை தணியுமா என்று எந்தத் தமிழனும் கேட்பதில்லை. சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் பெயர்த்தால் இது பித்தர் பேச்சாகும். அதுபோலத்தான் ஆங்கிலத்தின் சேர்க்கையைச் சொல்லுக்குச் சொல் தமிழில் பெயர்ப்பதும் பித்தர் பேச்சாகும். முன்னதைக் கண்டு ஆங்கிலன் நகைப்பான். பின்னதைக் கண்டு தமிழன் நகைப்பதில்லை. அதைப் படித்தவர் நடை என்று போற்றுகிறான்.

‘எடு’ என்னும் ஒரு வினையை மட்டும் எண்ணிப் பார்க்கலாம். தமிழில் அதற்கு உரிய இடங்கள் பல. களை எடுப்பர், விழா எடுப்பர், அடி எடுத்து வைப்பர், பசி எடுக்கும், வேர்வை எடுக்கும். தூக்குதல், தோன்றுதல், தொடங்குதல் என்னும் பொருள்களில் அவ்வினை இயல்பாக நிற்கிறது. இன்றோ முடிவு எடுக்கிறார்கள், ஓய்வு எடுக்கிறார்கள், குளியல் எடுக்கிறார்கள், வகுப்பு எடுக்கிறார்கள், நடவடிக்கை எடுக்கிறார்கள். ஆங்கிலத்தின் ஒரே வினை இத்தனை தமிழ் வினைகளை விழுங்கிவிட்டது. முடிவு செய்தலும் துணிதலும் எங்கே போயின? இளைப்பாறுதலும் களைப்பாறுதலும் எங்கே? பாடம் நடத்துதலும் சொல்லிக்கொடுத்தலும் எங்கே? ஒரு சொல் வந்தால் ஒரு சொல் போகும். ஒரு சொல்லிணை வந்தால் ஒரு கிளையே முறியும்.

மழைக்கும் இதே நிலை. ஐப்பசி கார்த்திகையில் வானிலை அறிவிப்பைக் கேட்கும் படுகை மக்கள் ‘கனமழை’, ‘மிகக் கனமழை’, ‘அதி கனமழை’ என்னும் சொற்களைக் கேட்கின்றனர். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் தொட்டால் கனமழை, 115.6 தொட்டால் மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. அளவு வேண்டும், அதை மறுப்பார் இல்லை. ஆனால் தமிழன் மழையை எடைபோட்டவன் அல்லன். அது பெய்யும் வகையைப் பார்த்தவன். தூறல் வேறு, சாரல் வேறு. விடாமல் பெய்வது அடைமழை. வெள்ளம் கொண்டுவருவது பெருமழை. மழை பிடித்துக்கொள்ளும், கொட்டும், ஓயும், வெளிவாங்கும். சம்பாப் பயிரை நீரில் மூழ்கடிப்பது ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழை மட்டுமன்று. வடிய விடாமல் நின்று பெய்யும் அடைமழையும் அதைச் செய்யும். கனம் என்னும் ஒற்றை அளவுகோல் இந்த வேறுபாட்டைச் சொல்லாது. அளவைக் குறிக்கப் ‘பெருமழை’ என்றே சொல்லியிருக்கலாம். அறிவியல் ஒன்றும் குறைந்துபோயிராது.

‘தலையாய பங்கு வகிக்கிறது’ என்பது மேடைதோறும் கேட்கும் மற்றொரு தொடர். ஆங்கில நாடகமேடையில் நடிகர் ஏற்கும் வேடத்திலிருந்து பிறந்த சேர்க்கை இது. காவிரிப் படுகையில் பங்கு என்றால் களத்துமேட்டில் அளந்து கொடுப்பது. மேல்வாரம் எவ்வளவு, குடிவாரம் எவ்வளவு என்று குருதி சிந்திய மண்ணில் பங்கைக் கேட்டுப் பெறுவர், கொடுப்பர், மறுப்பர், ‘வகிப்பார்’ யாருமில்லை.

இவற்றினும் நுட்பமாகக் கேடு செய்யும் சேர்க்கைகள் உண்டு. 1968ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்க அயல்நாட்டு உதவி நிறுவனத்தின் தலைவர் வில்லியம் காட் என்பார், சிவப்புப் புரட்சிக்கு மாறாக நிற்பது என்று சொல்லிப் ‘பசுமைப் புரட்சி’ என்னும் இணையை வழங்கினார். தஞ்சை மாவட்டத்துக்கு அத்திட்டத்தின் வேர் அதற்கு முன்னரே வந்துவிட்டது. 1960-61இல் இந்திய அரசு தெரிந்தெடுத்த முதல் ஏழு மாவட்டங்களுள் தஞ்சை ஒன்று. விதை, உரம், கடன் எல்லாம் ஒரே கட்டாக வந்ததால் அதற்கு ‘பாக்கேசு’ திட்டம் என்றே பெயர். விளைச்சல் பெருகியது உண்மை. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பும் உண்மை. ஆனால் அந்தச் சொல்லிணை எதைக் காட்டியது, எதை மறைத்தது? வயலில் பச்சை என்பது பயிரின் இளமை. களத்துக்கு வரும் நெல்லில் பச்சை தெரிந்தால் அது முற்றாத நெல்; கொள்வோர் ஒதுக்குவர். விளைந்து முடிந்ததன் நிறம் பொன்னிறம். அப்பொன் யார் வீட்டுக் குதிரில் சேர்ந்தது என்னும் வினாவை ‘பசுமை’ என்னும் அடை எழுப்பவே இல்லை. அதே 1968ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினர். பெண்டிரும் குழந்தைகளுமே அவர்களுள் மிகுதி. அத்தீயின் நிறம் பசுமையன்று.

2020ஆம் ஆண்டுச் சட்டம் அண்மைக் காட்டு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில பகுதிகளையும் ‘பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்’ என்று தமிழக அரசு அறிவித்தது. எண்ணெயும் வளியும் தேடி மண்ணைத் துளைப்பதை எதிர்த்து நெடுநாள் போராடிய உழவருக்கு அது தேவையான சட்டம். பெயரை மட்டும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் அவ்வடைமொழி ஒரு தகுதிநிலையைக் குறிப்பது. முடிந்த செயலைக் குறிப்பதன்று. தமிழில் ‘பாதுகாக்கப்பட்ட’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். காத்தாயிற்று, வேலை முடிந்தது என்பதே அதன் பொருள். சட்டம் வருமுன்பே நடைபெற்று வந்த பணிகளை அச்சட்டம் தொடவில்லை. காக்க வேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறது. ‘வேளாண் காப்பு மண்டிலம்’ என்றிருந்தால் காப்பு என்பது நாள்தோறும் செய்ய வேண்டிய கடமை என்று பெயரே நினைவூட்டிக்கொண்டிருக்கும்.

இச்சேர்க்கைகள் எவ்வழியாக வந்தன? 1956ஆம் ஆண்டு தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. கோப்புகளின் எழுத்து தமிழானது, எண்ணம் தமிழாகவில்லை. ஆங்கிலத்தில் நினைத்து, ஆங்கிலத்தில் அடுக்கி, கடைசியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தமிழ்ச் சொல்லை வைத்து நிரப்பினர். செய்தித்தாள்கள் தந்தியில் வந்த ஆங்கிலச் செய்தியை ஓர் இரவுக்குள் பெயர்க்க வேண்டியிருந்தது. விரைவில் மரபு நழுவியது. வானொலி அதையே படித்தது. மேடை அதையே முழங்கியது. இன்று கணிப்பொறியும் அதையே பெயர்த்துத் தருகிறது.

‘மொழி வளர வேண்டாவா? கொடுக்கல் வாங்கல் இல்லாத மொழி உண்டா?’ என்பார் உளர். உண்மையே. கொடுத்த மொழிதான் தமிழும். காவிரியின் கரைக்கு வந்த ஆங்கிலப் பொறியாளர்கள் இங்கிருந்த அணைக்கட்டைக் கண்டு ‘அணிக்கட்டு’ என்று அச்சொல்லிணையையே தம் மொழிக்குக் கொண்டுபோயினர். ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் கட்டியவற்றுக்கும் ஆங்கிலத்தில் அப்பெயரே வழங்குகிறது. ஆயக்கட்டு என்னும் சொல்லையும் அவர்கள் அப்படியே ஏற்றனர். தம்மிடம் இல்லாத பொருளுக்குத்தான் அவர்கள் சொல்லைக் கொண்டனர். இருக்கும் சொல்லை எறிந்துவிட்டுக் கொள்ளவில்லை. தமிழிலும் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு போன்றவை புதுப்பொருளுக்கு வந்த புது இணைகள், அவை நிற்கட்டும். ஓரிடத்தில் ஆங்கிலத்தினின்று தமிழன் கற்க வேண்டியதும் உண்டு. பூச்சியைக் கொல்லும் நஞ்சை அம்மொழி கொல்லி என்றே சொல்கிறது. தமிழ் உழவனோ ‘மருந்து அடிக்கிறேன்’ என்கிறான். நோய் தீர்ப்பதற்குரிய சொல்லை நஞ்சுக்குச் சூட்டியதால், வெறுங்கையால் கலக்கி, மூக்கை மூடாமல் தெளித்து, மயங்கி விழுந்தவர் பலர். பூச்சிக்கொல்லி என்பதே நேர்மையான சொல். சேர்க்கை பிழைத்தால் உயிரும் பிழைக்காது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

எனவே சிக்கல் அழகு பற்றியது மட்டுமன்று, பொறுப்புப் பற்றியது. வயலின் சொல்லிணைகளில் செய்பவர் கண்முன் நிற்கிறார். ‘வாய்க்காலைத் தூர்வாரினார்கள்’ என்றால் யார் வாரினார், எத்தனை முழம் வாரினார் என்று ஊர் கேட்கும். ‘தூர்வாரும் பணிகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன’ என்றால் செய்பவர் மறைகிறார்; செயல் பெயராகிறது; காலம் நீள்கிறது. தமிழ் வினைமுற்று தன் இறுதியிலேயே செய்தவரின் பாலையும் எண்ணையும் இடத்தையும் காட்டும் அமைப்புடையது. ‘எடுக்கப்படும்’ என்னும் வாய்ப்பாடு அந்த அமைப்பைக் குருடாக்குகிறது. கடைமடைக்கு நீர் வராததற்குப் பொறுப்பாளி யார் என்று அறிய முடியாத மொழியில் உழவன் ஆளப்படுகிறான்.

1911இல் தஞ்சையில் கரந்தைத் தமிழ்ச் சங்கம் தோன்றியது; 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார்; 1981இல் தஞ்சையிலேயே தமிழுக்கென ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. சொற்களை மீட்கும் பணியில் இயக்கம் வென்ற களங்கள் பல. சேர்க்கைகளை மீட்கும் பணி இன்னும் களம் காணவில்லை. காலமோ ஓடுகிறது. நடவுப் பொறியும் அறுவடைப் பொறியும் வந்துவிட்டன. அவை வரட்டும், குனிந்து குனிந்து முதுகு ஒடிந்த பெண்டிருக்கு ஓய்வு வேண்டும். ஆனால் முடி கட்டியவரும் அரி போட்டவரும் தூற்றியவரும் மறையுமுன் அவர்தம் சொல்லிணைகளை எழுதி வைக்க வேண்டாவா?

செய்ய வேண்டியவை மூன்று. தனித்தமிழ் அன்பர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் வயது முதிர்ந்த நடவுப் பெண்டிரிடமும் ஆறு காவல்காரரிடமும் அமர்ந்து, அவர் வாயில் வரும் பெயரையும் வினையையும் இணையாகவே குறித்துக்கொள்க. சொல்லைத் தனியே பிரித்து எழுதற்க. அடுத்து, எழுதிய மடலையும் உரையையும் வெளியிடுமுன், ‘இதைக் களத்துமேட்டில் சொன்னால் விளங்குமா?’ என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க. மூன்றாவதாக, ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று மறுமொழி வந்தால் அதை மடித்து வைக்காமல், ‘செய்பவர் யார்? செய்யும் நாள் எது?’ என்று அதன் கீழேயே எழுதித் திருப்பி அனுப்புக.

நெல்லுக்குள் நிற்கும் புல்லை நூல் படித்தவர் கண்டுபிடிப்பதில்லை. சேற்றில் இறங்கித் தாளைக் கையால் பிடித்துப் பார்க்கும் பெண்ணே கண்டுபிடிக்கிறாள். மொழிக்கும் அதே முறைதான். தமிழர் வயலில் இறங்கட்டும்.